குதிரைத்திறன்

தூசியைத் துடைக்க வேண்டாம் என்றேன்.
தூசியும் சாட்சிதான்.

லியேழ் நகருக்கு வடக்கே, மேட்டு நிலத்தில்,
சர்க்கரைக் கிழங்கு கொட்டிவைக்கும் கொட்டகை.
தார்ப்பாயை இழுத்ததும்
நீலம்.
பறவை தண்ணீரில் விழும் கணத்தில் மட்டும்
கண்ணில் படுகிற நீலம்.
பெயரும் அதுதான்: மீன்கொத்தி.
வோக்லேர் கம்பெனி செய்த ஒரே ஒரு மீன்கொத்தி.

ஐம்பத்தாறில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சி.
சுழலும் மேடை, கூரை முழுக்கக் கண்ணாடி,
ஸ்டீயரிங் வட்டத்துக்குப் பதில்
தந்த நிறத்தில் இரண்டு கைப்பிடிகள்.
பிரபுக்களும் பற்பசை முதலாளிகளும்
வரிசையில் நின்று பார்த்தார்களாம்.
விற்பதற்குச் செய்ததல்ல,
நாளை இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்கு.
இரண்டே வருடத்தில்
வோக்லேருக்கு நாளை என்று ஒன்று இல்லை.

என் வேலை மதிப்பிடுவது.
ஏலக் கம்பெனியின் படிவத்தில் நாற்பத்திரண்டு கட்டங்கள்.
பெயின்ட்: அசல். இடது பின்புறம் ஒரு முழக் கீறல்.
இருக்கை: ஆட்டுத்தோல். எலி கடித்திருக்கிறது, தையல் பிரியவில்லை.
கூரை: மூலையில் விரிசல்.
எஞ்சின்:

முன்மூடியைத் தூக்கினேன்.
இரண்டு வரிசையாக சிலிண்டர்கள், மங்கிய வெள்ளி.
பன்னிரண்டுக்கு இடம். இருந்தது பதினொன்று.
நகத்தால் ஒன்றைத் தட்டினேன்.
டொக்.
மரம்.
கடைசல் பிடித்து வெள்ளித்தாள் ஒட்டியது.
கியர்பெட்டி இருக்கவேண்டிய இடத்தில்
கசங்கிய செய்தித்தாள், ஒரு கையுறை.
பெட்ரோல் தொட்டிக்கு மூடி உண்டு, தொட்டி இல்லை.

அப்புறம்தான் தூரமானியைப் பார்த்தேன்.
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஒன்பது.

"ஆமாம், ஒன்பது" என்றார் லுதோவிக் பொதார்,
டிராக்டர் கடைக்காரரிடம் ஃபோனில் பேரம் பேசிக்கொண்டே.
அவருக்குக் கொட்டகை காலியாக வேண்டும், அவ்வளவுதான்.
"ஐந்து மாதச் சம்பள பாக்கி.
திங்கட்கிழமை பேங்க் பூட்டு போட வருகிறது.
சனிக்கிழமை ராத்திரி அப்பாவும் ஆட்களும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.
இல்லை, அந்த விலைக்கு முடியாது, டயர் தனியா?"

ஆற்றங்கரைத் தொழிற்சாலையிலிருந்து இந்த மேடு வரை
நானும் ஓட்டி வந்த பாதைதான்.
இரண்டாம் கியருக்கே மூச்சு வாங்கும் ஏற்றம்.
தேர் என்றால் வடம் இருக்கும், மேளம் இருக்கும்,
வழிவிடத் தெருவே காத்திருக்கும்.
இங்கே மழை. அணைத்த லாந்தர்.
பெயின்ட் பிரிவு, தையல் பிரிவு, இரவுக் காவலாளி,
சுரங்கத்தை விட்டு மேலே வந்த சிசிலிக்காரர் நூன்ஸியோ.
இருபதடி தள்ளு, நிறுத்து,
சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வை.
முட்டுக்கட்டைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.
அவர் கதவு மூலையைக் காட்டினார்.
இன்றுவரை கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல்
பிடித்துக்கொண்டிருக்கிறது
பன்னிரண்டாவது சிலிண்டர்.

கையுறைப் பெட்டியில் நாலாக மடித்த தாள்.
பத்தொன்பது பெயர், பத்தொன்பது தொகை.
நூன்ஸியோ, பதினோராயிரத்து நானூறு பிராங்க்.
ஒரு பெயருக்கு எதிரே தொகை இல்லை,
"வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து" என்று மட்டும்.
விற்க முடியவில்லை. ஊருக்கே அடையாளம் தெரிந்த களவு.
பிரிக்கவும் முடியவில்லை.
யார் கதவை எடுப்பது, யார் வானத்தை?

பேங்க்கை வாங்கிய பேங்க்கை வாங்கிய பேங்க்
வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது.

முப்பத்தொன்றாவது கட்டம்: குதிரைத்திறன்.
குதிரை இல்லை, ஆட்கள் பத்தொன்பது
என்று எழுதினேன்.
மாலையில் மேலாளர் அழைத்தார்:
"ஓடில், அதை பூஜ்யம் என்று மாற்றிவிடு."
சிக்னல் சரியில்லை என்றேன்.

லாரி வந்தது. இழுவைக் கம்பி எட்டவில்லை.
லுதோவிக், டிரைவர், அவன் மச்சான், நான்.
பின்பக்கம் குனிந்து கை வைத்தேன்.
இரும்பு இவ்வளவு குளிரும் என்று தெரியாது.
ஒரு கணம் அசையவில்லை. பிறகு அசைந்தது.

வெளிச்சத்துக்கு வந்தபின் பார்த்தால்
அறுபது வருடத் தூசியில் என் இரண்டு உள்ளங்கைகள்.
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.